நெல்லையில் மனை வாங்குகிறவர்களுக்கு: தரகர் பேச்சு எதுவரை, காகிதம் எங்கிருந்து

பெருமாள்புரம், கேடிசி நகர், ரெட்டியார்பட்டி ரோடு, தாழையூத்து, கங்கைகொண்டான் என்று எங்கே மனை தேடினாலும் முதலில் எதிரே வருகிறவர் தரகர்தான். அவர் இல்லாமல் நல்ல இடம் காதுக்கு வராது. ஆனால் அவர் சொல்வதில் எதை நம்புவது என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தெருவில் கடைசியாக என்ன விலைக்குப் போனது, விற்பவருக்கு என்ன அவசரம், அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை உண்டா, பக்கத்து மனைக்காரர் வம்புக்காரரா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் பேச்சு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சொத்து யாருடையது, எத்தனை சென்ட், அப்ரூவல் உண்டா என்ற மூன்றிலும் அவர் பேச்சைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். பொய் சொல்வார் என்பதற்காக இல்லை. நேர்மையான தரகரும் கையில் இருக்கும் ஜெராக்ஸைத் தாண்டிப் பார்த்திருக்க மாட்டார்.

தரகருக்குக் காசு எங்கிருந்து வருகிறது

வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் தலைக்கு 1 முதல் 2 சதவீதம் என்பது பொதுவான தரகு. 20 லட்சம் மனைக்கு 2 சதவீதம் என்றால் உங்கள் பக்கம் 40,000 ரூபாய். கிரையம் முடிந்தால்தான் அது கைக்கு வரும். முடியாவிட்டால் மூன்று மாதம் பெட்ரோல் போட்டுச் சுற்றியதும் போச்சு. "அண்ணாச்சி, சாயங்காலம் தூத்துக்குடி பார்ட்டி அட்வான்ஸ் போட வாராவ, ஒரு பத்தாயிரமாவது போட்டுப் பிடிச்சு வச்சுக்கிடுங்க" என்ற அவசரம் அங்கிருந்துதான் பிறக்கிறது. அந்தப் பார்ட்டி உண்மையாகவே வரலாம். வந்தால் வரட்டும். வில்லங்கம் (அந்த இடத்தின் மேல் பதிவான கிரையம், அடமானங்களின் பட்டியல்) பார்க்காமல் போட்ட பத்தாயிரத்தைத் திரும்பக் கேட்கும்போதுதான் எல்லோர் போனும் சுவிட்ச் ஆஃப் ஆகும்.

ஒரு மனைக்கு மூன்று நான்கு தரகர்கள் சங்கிலியாக இருப்பது சாதாரணம். விற்பவருக்குத் தெரிந்தவர் ஒருவர், உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர், நடுவில் டீக்கடையில் தகவல் சொன்னவர் ஒருவர். பதிவு நாளன்று எல்லோரும் அலுவலக வாசலில் நிற்பார்கள். ஆகவே மொத்தத் தரகு இவ்வளவுதான், அதை யார் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது என்பது அவர்கள் பாடு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது மேலே வைத்து விற்பது. உரிமையாளர் சென்ட் 4 லட்சம் கேட்டிருப்பார். உங்களிடம் நாலரை என்பார்கள். ஐந்து சென்ட்டுக்கு இரண்டரை லட்சம் இடையிலேயே நிற்கும், அதற்கு மேல் தரகு தனி. உரிமையாளரை அட்வான்ஸ் நாள்வரை கண்ணில் காட்டாமல் வைத்திருந்தால் இதுதான் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். விலை பேசுவதற்கு முன் உரிமையாளரை அவர் வீட்டிலேயே பார்க்க வேண்டும், தரகரையும் கூட்டிக்கொண்டு. தரகர் எதிரிலேயே "உங்க கைக்கு எவ்வளவு வரணும்?" என்று கேளுங்கள். அதே உட்காரலில் தரகரின் பங்கையும் வாய்விட்டு உறுதி செய்யுங்கள். தரகரை வெட்டிவிட்டு நேரே போய்ப் பேசி முடிப்பது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் பாளையங்கோட்டையில் நடந்தது ஒரு வாரத்தில் டவுன் வரை வந்துவிடும், அடுத்த மனைக்கு உங்களுக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

தரகைப் பிரித்துக் கொடுப்பது எங்கள் பார்வையில் மிக நல்ல ஏற்பாடு. பதிவு முடிந்ததும் 70 சதவீதம், பட்டா உங்கள் பெயருக்கு மாறியதும் 30 சதவீதம். உட்பிரிவு வேலைக்குக் கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர் என்று அலைய வேண்டிய நேரத்தில் அந்த 30 சதவீதம்தான் தரகரை உங்களோடு வரவைக்கும். மறுப்பவர்கள் எல்லோரும் மோசக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். முன்பு யாரோ அந்த மீதியைக் கொடுக்காமல் ஏமாற்றியிருப்பார்கள்.

கைமாற்று அக்ரிமெண்ட் இன்னொரு வகை. தரகரோ முதலீட்டாளரோ உரிமையாளருக்கு ஒரு லட்சம் கொடுத்து ஆறு மாத அக்ரிமெண்ட் போட்டுக்கொள்வார். கெடு முடிவதற்குள் உங்களுக்கு விற்று, கிரையத்தை உரிமையாளரிடமிருந்து நேரே உங்கள் பெயருக்கு எழுதவைப்பார். இதில் தவறில்லை, அக்ரிமெண்ட் பதிவாகி உங்களுக்கும் தெரிந்திருந்தால். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்து விற்பனை ஒப்பந்தமும், அசையாச் சொத்து தொடர்பான பொது அதிகாரப் பத்திரமும் (பேச்சில் பவர்) கட்டாயம் பதிவு செய்யப்பட வேண்டும். ஆகவே பையிலிருந்து வெறும் முத்திரைத்தாளை எடுத்துக் காட்டினால் அதை மடித்து அவரிடமே கொடுத்துவிடுங்கள். பதிவான அக்ரிமெண்ட் வில்லங்கத்தில் நின்றால், உங்கள் கிரையத்துக்கு முன் அதற்கு ரத்துப் பத்திரம் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆளும் உங்கள் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் உள்ள தரகரா என்று எல்லோரையும் கேட்பதில் பயனில்லை. 2016ஆம் ஆண்டு சட்டப்படி, பதிவு செய்யவேண்டிய திட்டங்களில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத்தரும் முகவர்தான் பதிவு செய்ய வேண்டும். கைமாறி வரும் தனி மனைக்கு அது பொருந்தாது. புதிய மனைப்பிரிவில் விற்கிறவராக இருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

வில்லங்கம் போடுவது

பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம். தரகர் தரும் வில்லங்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் நீங்களே ஒன்று போடுங்கள். அவர் போட்டது பொய்யாக இருக்காது, குறுகலாக இருக்கும். அதுதான் ஆபத்து.

245/3பி2 என்று இன்றைய உட்பிரிவை மட்டும் கொடுத்துத் தேடினால், அந்த உட்பிரிவு பிறப்பதற்கு முன் 245/3 என்ற எண்ணில் பதிவான அடமானமோ பாகப்பிரிவினையோ வராது. ஆகவே 245/3பி2, 245/3பி, 245/3, வெறும் 245 என்று தாய் எண் வரை ஏறிப் போடுங்கள். மாநகராட்சிக்குள் என்றால் இன்னொரு அடுக்கு உண்டு. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூர் பேரூராட்சியையும் இணைத்து 1994இல் மாநகராட்சி உருவானது. இந்தப் பகுதிகளில் பழைய பத்திரம் கிராம சர்வே எண்ணைச் சொல்லும், புதியது வார்டு, பிளாக், டி.எஸ். எனும் நகர சர்வே எண்ணைச் சொல்லும். இரண்டுக்கும் தனித்தனியே வில்லங்கம் வேண்டும். எந்தப் பழைய எண் எந்த டி.எஸ். எண் ஆனது என்பதற்கான ஒப்பீட்டை நகர நில அளவைப் பிரிவில் கேட்டு வாங்கலாம். சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லையும் காலப்போக்கில் மாறியிருக்கிறது. பத்திரத்தின் பின்பக்க முத்திரையில் இருக்கும் அலுவலகப் பெயரைப் பார்த்து, வேறாக இருந்தால் அங்கும் தேடுங்கள்.

காலம் குறைந்தது 30 ஆண்டு. வங்கி வக்கீல்கள் கேட்பதும் அதுவே. கணினியில் எந்த ஆண்டு முதல் கிடைக்கும் என்பது அலுவலகத்தைப் பொறுத்தது. அதற்கு முந்தியதற்கு மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும், சில நாள் ஆகும். அந்தச் சில நாளைப் பொறுக்க முடியாத விற்பவர் எதற்கு ஓடுகிறார் என்று யோசியுங்கள்.

வந்த பட்டியலைக் கீழிருந்து மேலே படித்து, ஒவ்வொரு வரியிலும் எழுதிக்கொடுத்தவர் முந்தைய வரியில் வாங்கியவர்தானா என்று கோத்துப் பாருங்கள். எங்கே கண்ணி அறுகிறதோ அங்கே ஒரு சாவு, ஓர் உயில், அல்லது ஒரு பிசகு இருக்கிறது. அடமானம் வந்திருந்தால் கடன் அடைந்ததற்கான ரசீதுப் பத்திரம் வந்திருக்கிறதா? நீதிமன்ற ஜப்தி வந்திருந்தால் விடுவிப்பு உண்டா? ஒரே இடத்துக்கு இரண்டு பேர் பெயரில் இரண்டு பத்திரக் கோவை (கைமாறிய வரிசை) ஓடுகிறதா?

‘நில்’ (பதிவு ஏதும் இல்லை) என்று வில்லங்கம் வந்தாலும் நிம்மதியாக உட்கார முடியாது. வில்லங்கச் சான்று பதிவானதை மட்டுமே சொல்லும். வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. உயில் பதிவாகியிருந்தாலும் அது 3ஆம் புத்தகம் என்ற தனிப் பதிவேட்டில் ஏறுவதால் வராது. முன்பெல்லாம் 4ஆம் புத்தகத்தில் ஏறிய பழைய பவர் பத்திரங்களும் வராது. நடக்கும் வழக்கும் தானாக வந்துவிடாது. வழக்குக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்றங்களிலும், தனியே உயர்நீதிமன்ற மதுரைக் கிளையிலும் விற்பவர் பெயரையும் அவர் அப்பா பெயரையும் போட்டுத் தேட வேண்டும். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் போடுங்கள். வங்கிக்கடன் இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு செர்சாய் (வங்கி அடமானங்களின் மத்தியப் பதிவேடு) தளத்தில் சிறு கட்டணத்தில் தேடலாம்.

மூலப்பத்திரம் கையில் இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள். "வீடு மாத்தும்போது தொலைஞ்சு போச்சு" என்பது அடிக்கடி கேட்கும் பதில். தொலைந்திருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அது எங்காவது பெட்டியில் பணத்துக்கு ஈடாகத் தூங்கும். காவல்துறையின் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் நாளிதழ் அறிவிப்பும் இல்லாமல் மேலே போக வேண்டாம்.

கிரையமாகத் தோன்றும் கடன்

நம் பக்கத்தில் இது தனியாகச் சொல்லவேண்டிய விஷயம். வட்டிக்குப் பணம் கொடுப்பவர் அடமானம் எழுதாமல் கிரையப் பத்திரமோ பவரோ எழுதி வாங்கிக்கொள்வது உண்டு. கடன் அடைந்தால் திருப்பி எழுதித் தருவதாக வாய்ப்பேச்சு. அடையாவிட்டால் இடம் சந்தைக்கு வரும், காகிதம் எல்லாம் சுத்தமாக. அதை நீங்கள் வாங்கினால், உள்ளே குடியிருப்பவர் "நான் விக்கவே இல்லையே, கடனுக்கு எழுதிக் கொடுத்தது" என்று வழக்குப் போடுவார். அநியாய வட்டியைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ்ப் புகாரும் கூடச் சேரும்.

இதற்கு மூன்று அடையாளங்கள். கடைசிக் கிரையம் சமீபத்தியது. விலை ஊர் விலையில் பாதிகூட இல்லை. எழுதிக் கொடுத்தவரே இன்னமும் அந்த வீட்டில் குடியிருக்கிறார், மின் இணைப்பும் வீட்டுத் தீர்வையும் அவர் பெயரில். மூன்றும் சேர்ந்தால் தரகர் எத்தனை சமாதானம் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே நல்லது.

பட்டாவும் அளவும்

வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் (சர்வே வரைபடம்), நகரப் பகுதிக்கு நகர நில அளவைப் பதிவேடு ஆகியவற்றைப் பார்க்கலாம். புறம்போக்கா என்று சரிபார்க்கவும் அதிலேயே ஒரு வசதி உண்டு. பட்டா மட்டும் உரிமை ஆகாது, பத்திரம் மட்டுமும் போதாது. இரண்டும் ஒரே ஆளை, ஒரே அளவை, ஒரே நான்கு எல்லையைச் சொல்ல வேண்டும்.

1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர் எனும் நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டு மறுபதிவில் பட்டாதாரர் பெயரும் அளவும் பிசகியவை ஏராளம். பாகத்துக்கு விட்ட இடம் முழுவதும் அண்ணன் ஒருவர் பெயரில் ஏறியிருக்கும். பத்திரக் கோவை சரியாக இருந்து பட்டா மட்டும் யுடிஆரில் பிசகியிருந்தால் திருத்த வழி உண்டு. அந்த வேலையை விற்பவர் தலையில் வைத்து, முடிந்த பிறகு வாங்குங்கள். பட்டா மட்டும் இருந்து பத்திரக் கோவை இல்லை என்றால் கதை வேறு, வக்கீல் இல்லாமல் தொட வேண்டாம்.

அளவு கணக்குக்கு வருவோம். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றுதான் இருக்கும். 1 ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 2.47 சென்ட். 1 சென்ட் 435.6 சதுர அடி. தரகர் ஆறரை சென்ட் என்று சொன்ன மனைக்குப் பட்டாவில் 0.02.50 என்று இருந்தால் அது 250 சதுர மீட்டர், 2,691 சதுர அடி, சரியாக 6.18 சென்ட். குறையும் 0.32 சென்ட், சென்ட் 4 லட்சம் என்றால் 1,28,000 ரூபாய். பழைய பத்திரத்தில் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று இருந்தால் யாராவது சொல்லும் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளாமல் சர்வே அளவைத்தான் பிடிக்க வேண்டும். விலையை மொத்தமாகப் பேசாதீர்கள். சென்ட்டுக்கு இவ்வளவு, அளந்து வரும் அளவுக்குப் பணம் என்று பேசுங்கள். அளப்பதற்கு உரிமம் பெற்ற சர்வேயரை நீங்களே கூட்டிப் போங்கள், புலப்படத்தோடு. கல் இருக்கிறது என்பதற்காக அது சரியான கல் என்று ஆகிவிடாது. கல்லும் சில நேரம் ராத்திரியில் நடக்கும்.

கூட்டுப் பட்டா என்றால் அதில் உள்ள அத்தனை பேரும் வர வேண்டும். "அவங்க எல்லாம் பாம்பேல இருக்காங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்பது பதில் ஆகாது.

வாரிசுகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள்

திருநெல்வேலிச் சீமையில் மனை வழக்குக்குப் பெரிய ஊற்று இதுதான். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் வந்தது, அப்போது மணமாகாதவர்களுக்கு மட்டும். 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும். 2020இல் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் தெளிவாக்கிவிட்டது. ஆனால் ஊர் வழக்கம் இன்னும் மாறவில்லை. "தங்கச்சிக்குச் சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்று அண்ணன்மார் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்பார்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் தானாகச் சம்பாதித்த சொத்திலும் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் பங்கு. அவரது தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மகனும் மகளும் சமம். மேலப்பாளையம் பக்கம் முஸ்லிம் குடும்பச் சொத்து என்றால் ஷரீஅத் பங்குக் கணக்கு. அதில் வாரிசு வட்டம் பெரிது, அந்தச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பிடியுங்கள்.

தாசில்தார் தந்த வாரிசுச் சான்று கேளுங்கள். அதோடு நிறுத்தாமல் அந்தத் தெருவில் வயதான ஒருவரிடம் "அவருக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?" என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். சான்றில் நாலு, தெருவில் ஆறு என்று வருவது அபூர்வம் இல்லை. சொந்தக்காரர்கள் நடுவே தரகருக்கும் இது தெரிந்திருக்கும். நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார், கேட்காதவரை சொல்ல மாட்டார்.

பெற்றோர் மகனுக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிய இடத்தை மகன் விற்கிறார் என்றால், அந்தப் பெற்றோர் உயிரோடு இருந்தால் அவர்களையும் கிரையத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய செட்டில்மெண்டை, கவனிக்கவில்லை என்ற புகாரில் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி செல்லாது என்று அறிவிக்க முடியும்.

பவர் ஏஜெண்டிடம் வாங்கும்போது

சென்னை, மும்பை, வளைகுடா என்று உரிமையாளர்கள் சிதறிக் கிடக்கும் ஊர் இது. பவர் இல்லாமல் பாதி வியாபாரம் நடக்காது. ஆனால் பவர் கொடுத்தவர் இறந்த நிமிடமே அது செத்துவிடும். பவர் வைத்து விற்கும்போது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற வாழ்வுச் சான்றைப் பதிவு அலுவலகம் கேட்கிறது. அது மட்டும் போதாது. அவரோடு வீடியோ அழைப்பில் நீங்களே பேசுங்கள். அந்த எண்ணைத் தரகரிடம் வாங்காமல் உறவினர் வேறொருவரிடம் வாங்குங்கள். பல ஆண்டாக யாரும் எட்டிப் பார்க்காத மனைகள்தான் ஆள்மாறாட்டத்துக்கு இலக்கு. வெளிநாட்டில் எழுதி, தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று வந்த பவர், இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் பவரும் அக்ரிமெண்டும் பணமும் கைமாறியதால் சொத்து உங்களுடையது ஆகாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. "பவரே போதும், கிரையச் செலவு மிச்சம்" என்று சொல்கிறவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

குளம், கோயில், பஞ்சமி

தாமிரபரணியும் கால்வாய்களும் குளங்களும் பின்னிக் கிடக்கும் இடம் இது. நயினார்குளத்தை ஒட்டி டவுன், வேய்ந்தான்குளத்தை ஒட்டிப் புதிய பேருந்து நிலையம். மனைக்கு மேற்கே கரை தெரிந்தால் அந்தக் குளத்தின் மறுகால் (நிரம்பி வழியும் நீர்) எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். பாளையங்கால்வாயிலிருந்தோ நெல்லைக் கால்வாயிலிருந்தோ கிளைவாய்க்கால் மனைக்குள்ளே போயிருந்ததா என்பது பழைய புலப்படத்தில் இரட்டைக் கோடாகத் தெரியும். வாய்க்கால் மூடப்பட்டிருந்தாலும் தண்ணீர் மறக்காது. 2023 டிசம்பர் 17, 18இல் எங்கெங்கே நின்றது என்பதைப் பக்கத்து வீட்டுச் சுவரில் கறை காட்டும், காட்டாவிட்டால் பால்காரரிடம் கேளுங்கள். நீர்நிலைப் புறம்போக்குக்கு யாராவது பட்டா வாங்கி வைத்திருந்தாலும் அது ரத்தாகக்கூடியதே.

கோயில்களைச் சுற்றிய பழைய வீதிகளில் அடிமனை கோயிலுடையதாக இருக்கும், மேலே உள்ள கட்டடம் மட்டும் விற்கிறவருடையது. விளம்பரத்தில் "வீடு விற்பனைக்கு" என்று மட்டும் இருக்கும். விலை கொஞ்சம் குறைவாக இருந்தால் முதலில் கேட்கவேண்டியது, பகுதி எனப்படும் வாடகை யாருக்குக் கட்டுகிறார்கள் என்பதே. அறநிலையத்துறை அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்க முடியாது, சார்பதிவாளரும் மறுப்பார். வக்ஃபு நிலம், சபை, டிரஸ்ட் நிலங்களுக்கும் தனியே விசாரிக்க வேண்டும்.

கிராமப் பக்கம் பஞ்சமி நிலம். 1892 முதல் பட்டியல் சாதி மக்களுக்கு ஒதுக்கப்பட்ட இவற்றைப் பிறருக்கு விற்பது செல்லாது, எத்தனை கை மாறியிருந்தாலும். பழைய ‘அ’ பதிவேட்டில் டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பினர்) என்ற குறிப்பு இருக்கும். யுடிஆருக்குப் பிந்திய பதிவேட்டில் அது விட்டுப்போயிருக்கக் கூடும் என்பதால் பழையதையும் தாலுகா அலுவலகத்தில் பாருங்கள்.

புதிய மனைப்பிரிவு என்றால்

2016 செப்டம்பர் 9இல் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவை நிறுத்தியது. அதன் பிறகு, அங்கீகாரமற்ற மனைகளை முறைப்படுத்த வந்த வரன்முறைத் திட்டம், 2016 அக்டோபர் 20 அல்லது அதற்கு முன் பிரிக்கப்பட்டு விற்கப்பட்ட மனைகளுக்கானது. ஆகவே "வரன்முறை வாங்கிக்கலாம்" என்று சொல்லும் மனையின் முதல் கிரையத் தேதியைப் பாருங்கள்.

டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண் பலகையில் இருந்தால் போதாது. நகர ஊரமைப்பு அலுவலகத்தில் வரைபட நகல் வாங்கி, மனை எண், அகலம், ரோடு அகலம் மூன்றையும் நாடா பிடித்து ஒப்பிடுங்கள். சாலைகளும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் ஆகியிருக்க வேண்டும். அந்தப் பத்திரம் வில்லங்கத்தில் வரும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் போடப்படும் மனைப்பிரிவுக்கு ரெரா பதிவு வேண்டும். பதிவான திட்டத்தில், விற்பனை ஒப்பந்தம் பதிவாவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. "ஐடி பார்க் வருது, ரிங் ரோடு வருது" என்ற பேச்சுக்கு விலையில் ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

அட்வான்ஸ், ஒப்பந்தம்

வக்கீல் ஒப்பீனியன் வாங்குங்கள், தரகர் காட்டும் வக்கீலிடம் வேண்டாம். வங்கிக் கடன் வேண்டாம் என்றாலும் ஒரு சிறு கடனுக்கு மனுப் போட்டால் அவர்கள் வக்கீல் இன்னொரு கண்ணால் பார்த்துவிடுவார். சந்தேகம் உள்ள சொத்துக்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. நாளிதழின் நெல்லைப் பதிப்பில், எதிர்ப்பு இருந்தால் 15 நாளில் தெரிவிக்கவும் என்று அறிவிப்புக் கொடுப்பதும் நல்லது.

பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கு நேரே போக வேண்டும், தரகர் கைக்குப் போகவே கூடாது. பல உரிமையாளர்கள் என்றால் பங்குப்படி ஒவ்வொருவர் கணக்கிலும். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே தொகை அபராதம் வரலாம் என்பதை விற்பவருக்கு எடுத்துச் சொன்னால் "பாதி கேஷா குடுங்க" என்ற பேச்சு பல இடங்களில் அடங்கிவிடும். அடங்காவிட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நாளை உரிமையில் ஓட்டை விழுந்தால் பத்திரத்தில் எழுதிய தொகையைத்தான் திரும்பக் கேட்க முடியும்.

ஒப்பந்தத்தில் கெடு 90 நாள் என்று வைத்து, அதற்குள் விற்பவர் முடிக்கவேண்டிய வேலைகளை வரிவரியாக எழுதுங்கள்: பட்டாத் திருத்தம், அடமான ரசீது, எல்லா வாரிசுகளின் கையெழுத்து. முடியாவிட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில், எந்தக் கணக்கிலிருந்து திரும்பும் என்பதும் வேண்டும். விற்பவர் பின்வாங்கினால் ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கோரும் வழக்குக்கு மூன்று ஆண்டு காலவரம்பு. பேசிப் பேசி அதைக் கடத்திவிடுவார்கள்.

பதிவும் அதற்குப் பிறகும்

கிரையத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்துக்கு 1,80,000. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பும் பேசிய விலையும் எது கூடுதலோ அதற்கு. 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீத வரியைப் பிடித்துக் கட்டவேண்டியது வாங்குகிற நீங்கள். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் கணக்கு வேறு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

பதிவு நாள் காலையில் வில்லங்கத்தை இன்னொரு தடவை போடுங்கள். நேற்று மாலை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அது இன்று தெரியும். கடைசித் தவணை டிடியை அலுவலகத்தில் கையெழுத்து முடிந்ததும் கொடுங்கள். மூலப்பத்திரம், முந்தைய கோவை எல்லாம் அசலாக உங்கள் கைக்கு வந்த பிறகு. பதிவாகிவிட்டால் உரிமைக்கு அரசு உத்தரவாதம் தந்ததாக எண்ண வேண்டாம். பத்திரம் பதிவேட்டில் ஏறியிருக்கிறது, அவ்வளவே.

அந்த வாரமே நான்கு மூலையிலும் கல் ஊன்றிக் கம்பிவேலி போடுங்கள். பக்கத்து மனைக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தி, அளவு நாடாவின் மறுமுனையை அவர்கள் கையிலேயே கொடுங்கள்; ஏதாவது எதிர்ப்பு இருந்தால் அன்றே வாயைத் திறப்பார்கள். முழு சர்வே எண்ணாக வாங்கியிருந்தால் பட்டா சீக்கிரம் மாறும். உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளந்த பிறகுதான். மாநகராட்சிக்குள் காலிமனை வரியையும் உங்கள் பெயருக்கு மாற்றி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மோசடி வெளிப்பட்டால் மாவட்டப் பதிவாளரிடம் மனு, காவல்துறையின் நில அபகரிப்புத் தடுப்புப் பிரிவில் புகார், உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை மூன்றும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒன்று முடியட்டும் என்று காத்திருந்தால் இடம் அதற்குள் இன்னொரு கை மாறிவிடும்.

பட்டா வந்ததும் தரகரின் மீதி 30 சதவீதத்தை அன்றே கொடுத்துவிடுங்கள்.